நோவைச் சொல்லுங்கள், ரீச்சர்



இந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்குப் பொறுமையைப் பழக்கியது. காலைக் கூட்டத்தில் கால் கடுத்தாலும் அசையாமல் நின்றோம். ஆனால், சத்திரசிகிச்சை முடிந்து கட்டிலில் கிடக்கும்போது அந்தப் பொறுமை உதவாது. அதைச் சொல்லவே வந்தோம்.

சில வருடங்களுக்கு முன்னர், எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவருக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. நரம்பை விறைக்கச் செய்யும் ஊசி போட்டோம். பின்னேரம் நோவே இல்லையென்று சிரித்தார். நள்ளிரவில் விறைப்பு விட்டது. விடியும்வரை தலையணையைப் பிடித்தபடி கிடந்திருக்கிறார். ஏன் தாதியைக் கூப்பிடவில்லை என்று கேட்டோம். “அந்தப் பிள்ளைக்கு எத்தனை வேலை, பாவம்” என்றார். விறைப்பு விடுமென்று முன்கூட்டியே சொல்லி வைக்காதது எங்கள் பிழை.

அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் நரம்பைப் பார்த்து, அதனருகே விறைப்பு மருந்தைச் செலுத்துவதே இந்த முறை. முன்னர் தொடையின் மேற்பகுதியில் போடுவது வழமை. நோவு குறையும், ஆனால் தொடைத்தசையும் தளர்வதால், எழும்புபவர் விழக்கூடும். இப்போது பெரும்பாலும் தொடையின் நடுப்பகுதியில் போடுகிறோம். தசையின் பலம் அவ்வளவாகக் குறையாது. ஆயினும் முழங்காலின் பின்பக்க நோவை இது முழுதாக அடக்காது. அதற்கு மாத்திரையும், மூட்டைச் சுற்றிப் போடும் ஊசியும் துணை.

ஒருமுறை போடும் ஊசி பொதுவாக 12 முதல் 24 மணித்தியாலம் வரை வேலை செய்யும். எனவே, அம்மாவுக்கோ உங்களுக்கோ இந்தச் சத்திரசிகிச்சை என்றால், விறைப்பு எப்போது விடும் என்று முதலே கேளுங்கள். அது விடுமுன்னரே நோவு மாத்திரையை எடுங்கள். நோவு எவ்வளவு என்று 0 முதல் 10 வரையான எண்ணில் சொல்லுங்கள். துணையின்றி எழும்ப வேண்டாம். ஊசி போட்டபின் வாயைச் சுற்றி விறைத்தாலோ, காது இரைந்தாலோ உடனே சொல்லுங்கள்.

நோவை அடக்குவது சொகுசுக்காக அல்ல. நோவுக்குப் பயந்து மடக்காத முழங்கால் இறுகிப்போகும். நேரத்தோடு எழும்பி நடப்பது இரத்தம் கட்டியாவதைத் தடுக்கவும் உதவும்.

அடுத்த வருடம் மற்ற முழங்காலுக்கு ரீச்சர் வந்தார். இம்முறை எல்லாவற்றையும் முதலே சொன்னோம். இரவு 10 மணிக்குத் தாதியைக் கூப்பிட்டு, தானாகவே மாத்திரை கேட்டாராம். காலையில் நாங்கள் போனபோது, நடைச்சட்டத்தைப் பிடித்தபடி வாசலில் நின்றார்.