பிறந்த வருடத்தை மாற்றியவன் நான்

(கிளை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"குழந்தைகளும் சமூக வலைத்தளங்களும்" என்ற தலைப்பில் பேசும்படி நம் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. மனோதத்துவம் படித்தவனும் அல்ல. வங்கியில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

என் பணிக்காலத்தில், மைனர் பெயரில் கணக்குத் தொடங்க வருபவர்களிடம் பிறந்த தேதிச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் வாங்கியதே இல்லை. நெருங்கிய நண்பர்கள் வந்தாலும் அதே கதைதான். அப்படிப்பட்ட நான், இரண்டு வருடத்துக்கு முன் புனேயில் பிள்ளை வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, 10 வயதுப் பேத்தியின் பிறந்த வருடத்தைப் பத்து வருடம் பின்னுக்குத் தள்ளிப் போட்டேன்.

"தாத்தா, க்ளாஸ்ல எல்லாரும் இருக்கா. நான் மட்டும்தான் இல்லை" என்றாள். பெற்றோர் இருவரும் ஆபீஸில். படங்களும் வீடியோவும் போடும் ஒரு செயலி அது. உண்மையான வருடத்தைப் போட்டால் ஏற்க மறுத்தது. "வேற வருஷம் போடு தாத்தா" என்றாள். போட்டேன். ஒரு நிமிஷ வேலை. குழந்தை சந்தோஷப்பட்டாள், நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் செயலியின் கணக்கில் அவள் 20 வயதுப் பெண். பாட்டு க்ளாஸில் பாடியதைப் போட்டாள். கொலுவுக்கு முன்னால் நின்றதைப் போட்டாள். ஸ்கூல் யூனிஃபார்மில் எடுத்த படத்தையும் போட்டாள். நாலு மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவன் "பாட்டு நன்றாக இருக்கிறது" என்று எழுதினான். பிறகு எந்த ஸ்கூல், பஸ் எத்தனை மணிக்கு, வீட்டில் யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான்.

குழந்தை பயந்துவிட்டாள். ஆனால் மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை, பஸ் ஸ்டாப்புக்கு அம்மாதான் வரவேண்டும் என்று அடம் பிடித்தாள். ஒரு நாள் ராத்திரி பாட்டி பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏண்டிம்மா முன்னாடியே சொல்லலை?" என்று பாட்டி கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "சொன்னா வயசு மாத்தினது தெரிஞ்சுடும். அப்பா தாத்தாவைத் திட்டுவா."

என்னைக் காப்பாற்றத்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இதைச் சொல்ல இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் பிள்ளை யாரையும் திட்டவில்லை. வந்த செய்திகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டான். அந்த ஆளைத் தடுத்தான். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்தான். பிறகே கணக்கை நீக்கினான். பதற்றத்தில் முதலிலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டால் சாட்சியம் போய்விடும் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகுதான் நான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். 13 வயது என்ற வரம்பு அமெரிக்காவில் 1998ல் இயற்றப்பட்டு 2000ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தை ஒட்டியது. 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேகரிக்கக் கூடாது என்பது அதன் சாரம். நம் நாட்டில் 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக அமலுக்கு வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கியமான தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ளவே கூடாது.

இன்னொரு விஷயம். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கென்று தனிவகைக் கணக்கைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அது இந்தியாவுக்கும் வந்தது. தெரியாதவர்கள் படங்களைப் பார்க்கவோ செய்தி அனுப்பவோ முடியாதபடி அது தானாகவே பூட்டியிருக்கும். ஆனால் பூட்டு குழந்தைக்குத்தான். 20 வயது என்று எழுதிக் கொடுத்தால் கதவு திறந்தே இருக்கும். அந்த வயதை எழுதுவது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களின் விரல்தான்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது நாலே விஷயங்கள்.

ஒன்று: 13 முடியும் வரை கணக்கு வேண்டாம். ஏற்கெனவே வயதை மாற்றித் தொடங்கியிருந்தால் இன்றைக்கே குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீக்குங்கள்.

இரண்டு: ராத்திரி எல்லோருடைய போனும் ஹாலில் இருக்கட்டும். "எல்லோருடைய" என்பதில் தாத்தா பாட்டியும் அடக்கம்.

மூன்று: நாமும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். ஆயுஷ்ஹோமம், பூணூல், பிறந்தநாள் என்று குழந்தையின் முழுப்பெயர், பிறந்த தேதி, ஸ்கூல், வீட்டு விலாசம் எல்லாவற்றையும் ஊருக்கே போட்டுவிட்டு, "ஜாக்கிரதையாக இரு" என்று அவர்களுக்குச் சொல்வதில் அர்த்தமில்லை.

நாலாவது, மிக முக்கியமானது: "என்ன வந்தாலும் எங்களிடம் சொல், போனைப் பிடுங்க மாட்டோம், திட்ட மாட்டோம்" என்று சொல்லி வையுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. அதைக் குழந்தைகளுக்கும் தெரிவியுங்கள்.

என் பேத்திக்கு 13 நிறைய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கணக்கு வேண்டுமா வேண்டாமா என்று அன்றைக்கு அவளும் அப்பா அம்மாவும் சேர்ந்து பேசி முடிவு செய்வார்கள். வேண்டும் என்று முடிவானால், பிறந்த வருடத்தை அவளே சரியாகப் போடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.