பூட்டைத் திறந்து பழக ஓர் அறை



கூலிம் பட்டணத்து ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்து கைத்தொலைபேசியைத் திறந்தால், பத்துப் பன்னிரண்டு வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். கணினிப் பாதுகாப்பு படிக்கும் மாணவனுக்குக் கை பரபரக்கும். வகுப்பில் படித்ததை அடுத்த வீட்டு இணைப்பில் சோதித்துப் பார்த்தால் என்ன?

கூடவே கூடாது. 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவதே குற்றம். 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. 'சும்மா பழகிப் பார்த்தேன்' என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாது.

ஆனால், பழகாமல் இந்தத் தொழில் வராது. 2008 ஜூலை 26ஆம் நாள் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் பயங்கரவாதிகளின் மின்னஞ்சல் ஒன்று வந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பூட்டப்படாத வைஃபை வழியாகப் போயிருந்தது. காவல்துறை முதலில் தட்டியது அவர் வீட்டுக் கதவைத்தான். பூட்டு இருந்தாலும் போதாது. வெப் என்ற பழைய பூட்டின் அடிப்படைக் கோளாறு 2001லேயே அம்பலமானது. அதன் பிறகும் பல ஆண்டுகள் கடைகளும் வீடுகளும் அதையே நம்பிக் கிடந்தன.

இதற்கு வழிதான் தொலைநிலை ஆய்வகம். கருவிகள் ஓர் இடத்தில் இருக்கும். மாணவர் வேறு இடத்திலிருந்து இணையம் வழியே அவற்றை இயக்குவார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1998இலேயே மின்னணுவியல் பாடத்துக்கு இப்படி ஒன்றைத் தொடங்கியது. கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம், கம்பியில்லா உணரிக் கருவிகளைத் தொலைவிலிருந்தே இயக்கிப் பழக ஆய்வகம் அமைத்திருக்கிறது.

பாதுகாப்புப் பயிற்சிக்கு என்ன வேண்டும்? வீடுகளில் ஒதுக்கிப் போட்ட சில ரௌட்டர்களே போதும். அலை வெளியே கசியாதபடி அவற்றை உலோகப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து அலுவலகம் பாதிக்கப்படும், சட்டமும் குறுக்கே வரும். பெட்டிக்குள் வைஃபை அட்டை பொருத்திய சிறு கணினி ஒன்று. மாணவரின் கட்டளை அதற்குக் கம்பி வழியாகத்தான் போக வேண்டும். புதிதாக அமைப்பவர்கள் இதை மறந்துவிடக்கூடும். வைஃபையிலேயே கட்டளையும் போனால், இணைப்பைத் துண்டிக்கும் தாக்குதலைச் சோதிக்கும் மாணவர் தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்வார்! ரௌட்டர் செயலிழந்தால் தொலைவிலிருந்தே அணைத்துப் போட ஒரு மின்விசையும் தேவை. ஒருவர் முடித்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

அங்கே மாணவர் என்ன காண்பார்? வெப் பூட்டு சில நிமிடங்களில் உடையும். அதன்பின் வந்த டபிள்யூ.பி.ஏ.2 பூட்டுக்கு '12345678' என்று மறைச்சொல் வைத்தால் அதுவும் நொடியில் போகும். நீண்ட மறைச்சொல்லை வைத்தால் அதே கருவி மணிக்கணக்கில் முட்டி மோதி நிற்கும். 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3க்கு மாறினால், சற்றுமுன் பலித்த துண்டிப்புத் தாக்குதல் பலிக்காது. ஏன் பலிக்கவில்லை என்று மாணவர் தேடத் தொடங்கும் இடத்தில்தான் பாடம் ஏறுகிறது.

கருவியே இல்லாமல் லினக்ஸ் மென்பொருளில் போலி வைஃபை உண்டாக்கியும் பழகலாம். செலவில்லை, தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் சுவரும் தூரமும் அலையை என்ன செய்யும் என்பதை அது காட்டாது.

கூலிமில் 1996 முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. இன்டெல், இன்ஃபினியோன் ஆலைகள் இருக்கின்றன. துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக்கும் அங்கேயே இருக்கிறது. சில கிலோமீட்டரில் செம்பனைத் தோட்டங்கள். பாடாங் செராய் பக்கத்துத் தோட்ட வீட்டுப் பிள்ளை கல்லூரி ஆய்வகம் மூடும்முன் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வகத்தில் எழுத்துக் கட்டளைகள் மட்டுமே போய் வருவதால், மெதுவான இணைப்பும் பழைய மடிக்கணினியும் போதும். இரவு பத்து மணிக்கு முன்பதிவு செய்து ஒரு மணி நேரம் பழகலாம். யார், எப்போது, எந்தப் பெட்டியைத் திறந்தார் என்ற பதிவேடு மட்டும் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும்.