கட்டடப் பொறியியல் பட்டம்: வாயிலும் வழியும்
(கல்விக் கழக வெள்ளிவிழாவில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் வாழ்த்துரை வழங்குவது மரபு. கழகச் செயலாளர் அவர்களோ, "ஐயா, வாழ்த்த நிறையப்பேர் இருக்கிறார்கள், சிவில் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்குப் பட்டம் பெறும் வழியைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக் கொண்டார். அந்த வேண்டுகோளையே பெரிதென மதித்து, சிவில் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கட்டடப் பொறியியலில் பட்டம் பெற ஒரு மாணவர் நிறைவேற்ற வேண்டியவை எவை என்பதைப் பற்றி மட்டும் பேச விழைகின்றேன்.

இந்தப் படிப்பு நமக்கு அயலானதன்று. ஏரிக்குக் கரை போட்டவர்கள் நம் முன்னோர். தென் மாவட்டங்களில் மடையைத் திறந்து அடைத்து, வயல்வாரியாக நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிகளில் பலர் நம் மக்களே. ஆனால் கரை போட்ட கையைக் கரையில் நின்று நீரள்ள விடாத காலமும் இருந்தது. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருக அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடக்க வேண்டியிருந்தது. அதே அம்பேத்கர்தாம் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கு அடித்தளமிட்டார். இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் மூல அமைப்பு 1945இல் தோன்றியதும் அவர் பொறுப்பில் இருந்த காலத்திலேதான். ஒரு குளத்தில் நீரள்ளும் உரிமைக்கு நடந்தவர் ஒரு நாட்டின் நீரைத் திட்டமிடும் பொறுப்பில் அமர்ந்தார். சாலை, கிணறு, குளம், குழாய் ஆகிய இவையெல்லாம் கட்டடப் பொறியாளரின் வரைபடத்தில் பிறப்பவை. தெருக்குழாய் எந்தத் தெருவோடு நிற்கும் என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது. அந்த வரைபடம் விரிக்கப்படும் மேசையருகே நம் பிள்ளை ஒருவர் அமர்ந்திருத்தல் வேண்டும்.

அமர்வதற்கு முதல் வாயில் சேர்க்கை. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குத் தனி நுழைவுத்தேர்வு இல்லை; 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். இம்மூன்றிலும் சேர்த்துச் சராசரியாக நூற்றுக்கு 40 பெற்றால் நம் மாணவர்கள் விண்ணப்பிக்கும் தகுதி பெறுகின்றனர். பொதுப்பிரிவினர்க்கு இது 45. ஆனால் தகுதி வேறு, தரவரிசை வேறு. கணித மதிப்பெண்ணை நூற்றுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் மாற்றிக் கூட்டினால் வருவது 200க்கு ஒரு தொகை. அத்தொகைதான் எந்தக் கல்லூரி என்பதைத் தீர்மானிக்கின்றது. கணிதத்தில் ஒரு மதிப்பெண் முழுதாக நிற்கின்றது. மற்ற இரண்டில் அரையாகின்றது. இதை மனத்தில் கொண்டு படியுங்கள்.

ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு இடங்கள். அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ஒதுக்கீடு. பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு. இந்த ஒதுக்கீடு இருக்கிறது என்பதற்காகப் பொதுப்பிரிவு நமக்கு மூடப்பட்டதென எண்ணி விடாதீர்கள்; மதிப்பெண் இருந்தால் அந்த இடமும் நம்முடையதே. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் 7.5 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக வழங்குகிறது. அவ்வழியில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கின்றது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்திற்கு மிகாத நம் மாணவர்க்கு, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைக் கலந்தாய்வு அறிவிப்பு வந்தபின் தேடி ஓடாமல், தேர்வு முடிந்த வாரமே பெற்று வையுங்கள்.

பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் சென்றவர்களும் மனம் தளர வேண்டா. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர்கள் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, மூன்றே ஆண்டுகளில் பட்டம் பெறலாம். வரைபடமும் அளவையும் கைவந்த அவர்கள் வகுப்பில் சோடை போவதில்லை. கணிதத்தில் மட்டும் சற்றுக் கூடுதலாக உழைத்தல் வேண்டும்.

இனிப் படிப்பின் உள்ளே செல்வோம். நான்காண்டுகள் எட்டுப் பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. பாடங்களின் கனத்தைக் கிரெடிட் என்னும் அலகால் அளக்கின்றனர். வாரம் ஒரு மணி வகுப்புக்கு ஓர் அலகு. ஆய்வுக்கூடத்தில் இரண்டு மணிக்கு ஓர் அலகு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் பட்டத்திற்கு 160 அலகுகளை வகுத்தது. பல்கலைக்கழகங்கள் அதனை ஒட்டியே தத்தம் கணக்கை அமைத்துக் கொள்கின்றன. ஓர் அலகு குறைந்தாலும் பட்டம் இல்லை.

முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், வரைபடம். பின்னர் பொறியியல் விசையியல், திண்மங்களின் வலிமை, பாய்ம இயக்கவியல், நிலஅளவை. அதன்பின் மண் இயக்கவியல், அடித்தளம், கான்கிரீட் தொழில்நுட்பம், கட்டமைப்புப் பகுப்பாய்வு, கம்பி கட்டிய கான்கிரீட் வடிவமைப்பு, எஃகு வடிவமைப்பு, சாலை, குடிநீர், கழிவுநீர், பாசனம், மதிப்பீடு. நிலஅளவை முகாம் ஒன்று, தொழிலிடப் பயிற்சி ஒன்று, இறுதியில் திட்டப்பணி. இவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் செங்கல் வரிசைகள். விசையியல் விளங்காதவர்க்குத் திண்மங்களின் வலிமை விளங்காது; அது விளங்காதவர்க்கு வடிவமைப்பு விளங்காது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது முதலாண்டுக் கணிதத்திலும் விசையியலிலும்தான். அங்கே உதவி கேட்க நாணுதல் கூடாது.

மொழியும் ஒரு தடையே. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில நூலைப் பிரிக்கும்போது கண் இருளும். 2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப் பெற்றன. ஆங்கிலவழியில் சேர்ந்தவர்களோ நாள் ஒன்றுக்குப் பத்துத் தொழிற்சொற்களைத் தமிழ்ப் பொருளோடு எழுதி வைத்தால், ஓராண்டில் அந்த இருள் விலகும்.

அடுத்துத் தேர்ச்சி விதி. அண்ணா பல்கலைக்கழகம் இணைவுக் கல்லூரிகளுக்கென 2021இல் வகுத்த ஒழுங்குமுறையை எடுத்துக்காட்டாகச் சொல்கின்றேன். எழுத்துப் பாடத்தில் அகமதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60. மொத்தத்தில் 50 பெற வேண்டும். அத்துடன் பருவத் தேர்வில் மட்டும் நூற்றுக்கு 45 விழுக்காடு, அதாவது 60க்கு 27 பெற வேண்டும். அகமதிப்பீட்டில் 35 எடுத்த ஒருவர் தேர்வில் 20 எடுத்தால் மொத்தம் 55. ஆயினும் அவர் தேறவில்லை. அகமதிப்பீட்டில் 20 மட்டும் எடுத்தவர் தேர்வில் 30 எடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கை அறியாமல், "பாஸ் மார்க் வந்தும் போட்டுவிட்டார்கள்" என்று வருந்துவோர் பலர்.

எட்டுப் பருவங்களில் முடிக்க வேண்டிய படிப்பு என்றாலும், பதினான்கு பருவங்கள் வரை, அதாவது ஏழாண்டுகள் வரை காலம் உண்டு. நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தோர்க்குப் பன்னிரண்டு பருவங்கள். ஆகவே இரண்டு மூன்று அரியர் விழுந்ததும், "இது நமக்கு வராது" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். அரியர் என்பது மீண்டும் எழுத வேண்டிய தாள், அவ்வளவே. அதே வேளையில், ஐந்தாண்டுக்குள் அனைத்தும் தேறி, 10க்கு 6.50 சராசரி பெற்றால்தான் முதல் வகுப்பு என்பதையும் மறவாதீர்கள்.

இறுதியாக வருகைப் பதிவு. இதைச் சொல்லும்போது என் கதையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

என் தந்தையார் கொத்தனார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் கரணையும் எங்கள் வீட்டு மூலையில் இருக்கும். நான் மூன்றாம் பருவம் படித்துக் கொண்டிருந்தபோது, ஒரு வீட்டு வேலையில் சாரத்தில் நின்று பூசிக் கொண்டிருந்த அவர்மேல் சன்னலின் சன்ஷேடு பெயர்ந்து விழுந்தது. கால் முறிந்தது. செய்தி கேட்டு ஓடினேன். மருத்துவமனையில் அவரருகிலேயே வாரக்கணக்கில் இருந்தேன். மகன் செய்ய வேண்டியதைச் செய்கிறேன் என்றே எண்ணினேன். வருகைக்குக் கீழெல்லை ஒன்று உண்டென்று எனக்குச் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆளில்லை. கல்லூரியில் கேட்க எனக்குத் துணிவில்லை. தேர்வு எழுத நுழைவுச் சீட்டு வாங்கப் போன அன்றுதான், என் பெயர் பட்டியலில் இல்லை என்று தெரிந்தது. ஓராண்டு போயிற்று.

அந்த ஓராண்டில் நான் சித்தாள் வேலைக்குச் சென்றேன். ஒருநாள் மாலை தந்தையார், "தம்பி, அந்த சன்ஷேடுல கம்பி மேல இருந்திருக்கணுமாம், கீழ இறங்கிருச்சாம். அது ஏன்னு உன் புத்தகத்துல இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. இரு முனையிலும் தாங்கல் உள்ள உத்தரம் பாரத்தால் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். ஒரு முனை மட்டும் சுவரில் பிடிக்கப்பட்ட சன்ஷேடிலோ மேற்பக்கம் இழுபடும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, இழுபடும் பக்கத்தில்தான் கம்பி நிற்க வேண்டும். கலவை கொட்டியவர்கள் மிதித்ததில் மேற்கம்பி கீழே இறங்கியிருக்கிறது. முட்டைப் பிரித்துச் சில நாட்களில் சன்ஷேடு விழுந்துவிட்டது. முப்பதாண்டுகள் பிறர் வீடுகளைக் கட்டிய என் தந்தையாருக்கு அந்தக் காரணத்தை அதுவரை எவரும் சொன்னதில்லை. படம் போட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீ திரும்பப் போ" என்று மட்டும் சொன்னார். போனேன்.

ஆகவே விதியைக் கேளுங்கள். பருவத்தின் மொத்த வகுப்புகளில் நூற்றுக்கு 75 வருகை வேண்டும். நோய், விபத்து போன்ற காரணத்தால் 65க்கும் 75க்கும் இடையே குறைந்தால், உரிய சான்றுடன் விண்ணப்பித்து விலக்குப் பெற வழி உண்டு. 65க்குக் கீழே போனால் தேர்வும் இல்லை, அடுத்த பருவமும் இல்லை; அதே பருவத்தை மறு ஆண்டு மீண்டும் படிக்க வேண்டும். கதிர் அறுப்பும் உண்டு, வீட்டில் நோயும் உண்டு, கூலிக்குப் போக வேண்டிய நாளும் உண்டு. நம் வாழ்வை நான் அறியாதவனல்லேன். ஆனால் ஒவ்வொரு வார இறுதியிலும் வருகையை எண்ணுங்கள். அன்று நான் எண்ணியிருந்தால், இரவில் நானும் பகலில் என் அண்ணனும் என்று முறை வைத்துத் தந்தையாரைப் பார்த்திருப்போம். ஓராண்டு தப்பியிருக்கும்.

விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். தன்னாட்சிக் கல்லூரிகளில் வேறுபடுவதும் உண்டு. நீங்கள் சேரும் ஆண்டுக்குரிய ஒழுங்குமுறை நூலை முதல் வாரமே கேட்டு வாங்கி, வருகை, தேர்ச்சி, கால எல்லை ஆகிய மூன்று பகுதிகளையும் படித்து அடிக்கோடிடுங்கள். மூத்தோர் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை சாப்பாட்டு வேளையிலேயே செவிவழி வந்துவிடுகின்றன. நம் பிள்ளைகளுக்கு அந்த மூத்தோராக இக்கழகம் நிற்க வேண்டும்.

எனவே கழகத்தார்க்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பொறியியல் சேரும் ஒவ்வொரு மாணவர்க்கும் முன்பே படித்து முடித்த ஒருவரைத் துணையாக நியமியுங்கள். மாதம் ஒருமுறை அவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: வருகை எவ்வளவு? எந்தப் பாடம் விளங்கவில்லை? உதவித்தொகை வந்து சேர்ந்ததா? முதல் துணையாக என் பெயரை எழுதிக் கொள்ளுங்கள்.

தம்பி தங்கையரே! நாம் கட்டிய வீடுகள் ஊரெங்கும் நிற்கின்றன. அவற்றின் வரைபடத்தில் இடவேண்டிய கையெழுத்தும் இனி உங்களுடையதாகட்டும். அதற்கு வேண்டிய 160 அலகுகளை ஒன்றொன்றாகச் சேர்த்து வாருங்கள்.