சொட்டும் குழாய் சொல்லும் பாடம்

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் குழாயொன்று சொட்டிக்கொண்டிருந்தது. 'சொட்டுத்தானே!' என்று வாளாவிருந்தேன். மாணவனொருவன் மாலையில் அதன்கீழ் வாளியை வைத்தான். விடியலில் அது நிரம்பி வழிந்தது, நான் நாணினேன்.

கம்போடியத் தலைநகரான புனோம் பென்னில் 1993ஆம் ஆண்டில் இதே நிலை பேருருக் கொண்டிருந்தது. குழாயில் விட்ட நீரில் நூற்றுக்கு 72 பங்கு கசிவாலும் களவாலும் கணக்கில் வாராது போயிற்று. இணைப்பில்லாத ஏழையரோ நீர் விற்போரிடம் மிகுந்த விலை கொடுத்து வாங்கினர்.

அவ்வாண்டு குடிநீர் வாரியப் பொறுப்பேற்ற எக் சொன் சான் பழங்குழாய்களை மாற்றினார். இணைப்புதோறும் மீட்டர் பொருத்தினார். முறைகேடு செய்த ஊழியரை விலக்கி, உழைத்தவர்க்கு ஊக்கத்தொகை அளித்தார். ஏழையர்க்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை தந்தார். படைத்தலைவர் ஒருவர் துப்பாக்கியை நீட்டி மிரட்டியபோதும் அவர் பணியவில்லை. 2010க்குள் இழப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்காகச் சுருங்கியது. நாள் முழுதும் நீர் வந்தது.

அயல்நாட்டு நிதியுதவியும் இதற்குத் துணைநின்றது. ஆயினும் ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிரம்புமோ?

நாளை நீங்கள் எப்பொறுப்பை ஏற்றாலும், முதலில் வாளியை வைத்து அளந்து பாருங்கள்.