இருமலைத் தள்ளிப்போடாதீங்க

நான் ஆய்வகத்தில் சளி பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், காசநோய்க் கிருமி கம்மியா இருந்தா கண்ணுக்குத் தப்பிடும். சிபிநாட் கருவி கிருமியின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கும். அதோடு ஒட்டும் சாயம் ஒளிவிடும். சுமார் 2 மணி நேரத்தில் நோய் உண்டா, ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா, இரண்டும் தெரியும். சாயத்துக்குப் பதிலா குவாண்டம் புள்ளிகள் என்ற ஒளிவிடும் நானோ துகள்களை வைத்தும் ஆராய்ச்சி நடக்கிறது. அவற்றுக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனா சளி வந்து சேர்ந்தால்தானே கருவி சொல்லும்! பூப்பறிக்கப் போகணும், தவணை கட்டணும்னு இருமலைத் தள்ளிப்போடுறோம். 2 வாரத்துக்கு மேல் இருமினால் அரசு மருத்துவமனைக்கு வாங்க. பரிசோதனையும் மருந்தும் இலவசம். குழுக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கும்போதே, "யாருக்காவது இருமல் இருக்கா?" என்றும் கேளுங்கள்.