கட்டும் கயிற்றிலும் தொழில் உண்டு

(அலோர் ஸ்டாரில் தோட்டப்புற இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



‘பேல்’ என்னும் சொல் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புதியதன்று. புகையூட்டிய ரப்பர் தாள்களை 250 இராத்தல் எடையுள்ள கட்டுகளாக அழுத்திக் கப்பலேற்றிய காலத்தை அவர்கள் கண்டிருக்கிறார்கள். 1965ஆம் ஆண்டு மலேசியத் தர நிர்ணய ரப்பர் திட்டம் வந்தபின், அக்கட்டு முப்பத்து மூன்றேகால் கிலோவைச் சற்றே தாண்டிய சிறு கட்டியாகச் சுருங்கி, மெல்லிய பாலித்தீன் உறையும் பெற்றது. முப்பது கட்டி சேர்ந்தால் ஒரு டன். எண்ணுவதற்கும் அடுக்குவதற்கும் எளிது. பொருளைச் சீராகக் கட்டினால் அதற்கு விலை உண்டு என்பதை நம்மவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

இன்று நான் பேச வந்தது வைக்கோல் கட்டும் இயந்திரங்களையும், அவற்றிற்கு வேண்டிய பொருள்களையும் விற்கும் தொழிலைப் பற்றி. ஆங்கிலத்தில் எழுதினால் இத்தொழிலின் பெயருக்கும் நம் மாநிலத்துப் பாலிங் நகரின் பெயருக்கும் ஒரே எழுத்துகள்தாம். வேறு உறவு எதுவும் இல்லை!

அலோர் ஸ்டாரைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். மூடா நீர்ப்பாசனத் திட்டம் கெடாவிலும் பெர்லிசின் தென்பகுதியிலும் ஏறத்தாழ ஒரு இலட்சம் ஹெக்டேர் பரப்பைத் தழுவியது. 1970ஆம் ஆண்டு ‘மாடா’ என்னும் மூடா வேளாண் மேம்பாட்டு வாரியம் அமைந்தது. பெடு, மூடா அணைகளின் நீரால் ஆண்டுக்கு இருபோகம் விளையலாயிற்று. நெல் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு வைக்கோலும் விளைகிறது. அறுவடை இயந்திரம் அதை வயலிலேயே வரிசையாகக் கொட்டிச் செல்கிறது. எரித்தால் புகை; சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. கட்டினால் அது மாட்டுத் தீவனம், காளான் படுக்கை, காய்கறிப் பாத்திக்கு மூடாக்கு. தோட்டத்தில் மாடு வளர்ப்போருக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஓர் இயந்திரம் வாங்கிக் கட்டிக் கொடுத்தால் பணம் வருமே என்று நினைக்கத் தோன்றும். வரலாம். எனினும் டிராக்டரும் கட்டும் இயந்திரமும் பெரும் முதல் கேட்பவை. தந்தை வாழ்நாளெல்லாம் பால் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணத்தை, ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வந்தவுடன் ஒரே இயந்திரத்தில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு போகம் மழையில் போனால், அந்த வீட்டில் மீண்டும் சேமிக்க ஆள் இல்லை.

வேறு வழி உண்டு. இயந்திரம் வைத்திருப்பவர் அதை ஒருமுறை வாங்குகிறார். கயிற்றையோ போகந்தோறும் வாங்குகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு சதுரக் கட்டு ஒன்றுக்கு இரண்டு கயிறுகள். ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மீட்டர். கட்டுக்கு ஐந்து மீட்டர் என்றால், ஆயிரம் கட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் கயிறு! உருளைக் கட்டு போடுவோருக்குக் கயிறோ வலையோ வேண்டும். இவற்றோடு கத்தி, பற்கள், சங்கிலி, தாங்குருளை, மசகு. நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி. ஆதலால் கத்தி விரைவில் மழுங்கும். அறுவடை நேரத்தில் பத்து ரிங்கிட் உதிரிப் பாகம் ஒன்றுக்காக இயந்திரம் இரண்டு நாள் நின்றால் உரிமையாளர் படும் தவிப்பே உங்கள் கடைக்கு வாசல்.

கயிற்றில் இருவகை. சிசல் என்னும் நார்க்கயிறு மண்ணில் மக்கும். ஈரத்திலும் எலியிடத்திலும் தோற்கும். பிளாஸ்டிக் கயிறு வலுவானது; ஆனால் வெயிலுக்கேற்பப் பதப்படுத்தாதது விரைவில் இற்றுப் போகும். அது தீவனத்தோடு மாட்டின் வயிற்றில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. விற்பவர் இதைச் சொல்லி விற்க வேண்டும். கயிற்றின் பருமன் இயந்திரத்திற்கு ஒவ்வாவிடில் முடிச்சு விழாது. இன்றைய முடிச்சுக் கருவியின் அடிப்படை, அமெரிக்கரான ஜான் ஆப்பிள்பி 1870களில் உருவாக்கியது. பறவையின் அலகுபோல் திறந்து மூடும் அச்சிறு கருவியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த இளைஞனைத் தேடி வாடிக்கையாளர் வருவார்கள். முதலில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒரு போகம் வேலை செய்து இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். கடை பிறகு திறக்கலாம்.

இன்னொன்று. டிராக்டரின் சுழல்தண்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 540 முறை சுற்றுகிறது. சட்டைக் கை சிக்கினால் இழுத்துக்கொள்ள நேரம் ஆகாது. எஞ்சினை நிறுத்தாமல் அடைப்பை நீக்கக் கூடாது. மூடி உடைந்த தண்டோடு வரும் வாடிக்கையாளருக்குக் கயிற்றை விற்குமுன் மூடியை விற்றுவிடுங்கள்.

பருவத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் வரும் அறுவடையே வைக்கோலுக்கு உகந்தது. ஆகஸ்டு, செப்டம்பர் அறுவடையில் மழை குறுக்கிடும். ஈரவைக்கோலைக் கட்டி அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும்; உள்ளே சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஆகவே சரக்கைப் பெருமளவு வாங்கும் மாதம் டிசம்பர். மற்ற மாதங்களில் கடை வாடகை தரும் அளவுக்கு வேறு விற்பனை வேண்டும். பேரங்காடிகளும் பழைய பொருள் வாங்குவோரும் அட்டைப்பெட்டிகளைக் கட்டக் கம்பியும் பட்டையும் ஆண்டு முழுதும் வாங்குகிறார்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடன் கொடுப்பதில் கண்டிப்பு வேண்டும். ‘நெல் பணம் வந்ததும் தருகிறேன்’ என்பார்கள். ஒரு போகத்துக் கடன் தீராமல் அடுத்த போகத்துக்குக் கயிறு கொடுக்காதீர்கள். இங்கு நிலத்தை ரெலோங் கணக்கில் பேசுவர். ஒரு ரெலோங் ஏறத்தாழ 0.29 ஹெக்டேர். எத்தனை ரெலோங் கட்டப் போகிறார் என்று கேட்டால், எவ்வளவு கயிறு தேவை, எவ்வளவு கடன் தாங்குவார் என்பதும் தெரிந்துவிடும்.

தனி உரிமைத் தொழிலாயின், தொடங்கிய முப்பது நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிய வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் பதிந்தால் 60 ரிங்கிட். கடைக்கு நகராண்மை உரிமம் தனி. இந்தியத் தொழில்முனைவோருக்கு டெக்குன் நேஷனல் வழி ‘ஸ்புமி’ கடன் திட்டம் உள்ளது. பதிவுச் சான்றின்றி அங்குச் செல்வது வீண். மாடா வட்டாரத்தில் 27 விவசாயிகள் அமைப்புகள் உள்ளன. ஜித்ரா, பெண்டாங், கோத்தா சாராங் செமுட் பக்கம் சென்று, யார் யார் வைக்கோல் கட்டுகிறார்கள், எந்த இயந்திரம், எந்த அளவுக் கயிறு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். மலாய் மொழியில் நன்கு பேசத் தெரிந்தவர் செல்வது நல்லது. வாங்குவோர் பெரும்பாலும் மலாய் விவசாயிகளே.

பதிவுப் படிவம் நிரப்புவதில் ஐயமுள்ளவர்கள் அடையாள அட்டையுடன் மேசைக்கு வரலாம். மற்றவர்கள் கேள்விகளைக் கேளுங்கள்.