தோடந்தோட்டத்தில் ஒரு விலைகூடிய போன்



பலெர்மோ நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், கிரிஃபோனே மலையடிவாரத்தில் இருக்கிறது சியாகுல்லி. பிந்திப் பழுக்கிற மண்டரின் தோடம்பழத்துக்குப் பேர்போன இடம். மற்ற மண்டரின்கள் சந்தையை விட்டுப் போகிற நேரத்தில்தான், தை மாசியில், இங்கே பழம் பறிப்பு சூடுபிடிக்கும். ஆயிரம் யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்குகிற போனைச் சோதித்துப் பார்க்க, கடையின் குளிரூட்டிய அறையைவிட இந்தத் தோட்டம் நல்ல இடம் என்பேன்.

காலை எட்டு மணி. இலையெல்லாம் பனி. பழம் பறிக்கிறவரின் விரல்களில் ஈரமும் தோடந்தோலின் எண்ணெயும். யாழ்ப்பாணத்தில் அப்போது மதியம் பன்னிரண்டரை. அம்மா வட்ஸ்அப்பில் எடுக்கிறா. ஈரக் கையால் திரையை இழுத்தால் சில போன்கள் விரல் எது, நீர்த்துளி எது என்று தெரியாமல் திண்டாடும். கைரேகை பார்க்கிற போன் என்றால் இன்னும் சோதனை. தோல் காய்த்துப்போன விரலை அது சொந்தக்காரன் என்று ஒத்துக்கொள்ளாது. ஒலியலையால் ரேகை பார்க்கிற சாம்சுங்கின் விலைகூடிய போன்கள், வெளிச்சத்தால் பார்ப்பவற்றைவிட ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கூடுதலாகக் கொடுக்கிற காசுக்கு இப்படியான இடத்தில்தான் உண்மையான பலன் தெரியும். விளம்பரத்தில் அது வராது.

கோடை வேறு கதை. 2021 ஆகஸ்ட் 11 அன்று இதே சிசிலித் தீவில், சிராகூசாவுக்குப் பக்கத்தில் 48.8 பாகை வெப்பம் பதிவானது. ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பம் 35 பாகை வரைதான் என்று அப்பிள் நிறுவனமே சொல்கிறது. அதற்கு மேலே போனால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது மெதுவாகும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. நீர்புகா போன் என்று நம்பி பலெர்மோவின் மொந்தெல்லோ கடற்கரையில் தண்ணீருக்குள் இறங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தச் சோதனை ஆய்வுகூடத்து நல்ல தண்ணீரில் செய்தது. உப்புத் தண்ணீருக்கும் சவர்க்கார நுரைக்கும் அது உத்தரவாதம் இல்லை.

கமராவைப் பற்றிக் கேட்பீர்கள். கலக்ஸி எஸ்24 அல்ட்ராவில் 200 மெகாபிக்சல். எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். ஊரில் தங்கச்சி பார்ப்பது அந்தச் சுருங்கிய படத்தை. வித்தியாசம் தெரிவது இரவில். யூலை 14 இரவு பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் தேர் வீதியில் வரும்போது, அரை இருட்டில் முகங்கள் தெளிவாக விழ வேண்டுமென்றால் நல்ல கமரா வேண்டும்தான். ஆனால் அதே போன் 232 கிராம். வேலைச் சட்டையின் பையில் நாள் முழுக்க அதைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், இந்தப் போன்களில் காசு கொடுக்கத் தகுந்தது ஆயுள்தான். 2023இல் வந்த கூகிள் பிக்சல் 8, 2024இல் வந்த கலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் ஏழு வருட மென்பொருள் புதுப்பிப்பு உண்டு என்று அந்த நிறுவனங்கள் வாக்குக் கொடுத்திருக்கின்றன. புதுப்பிப்பு நின்ற போனில் ஒருநாள் வங்கிச் செயலி திறக்காது. பிறகு அரசாங்க அலுவல் பார்க்கிற செயலியும் அடம்பிடிக்கும். இத்தாலியில் பாதி அலுவல் போனுக்குள் வந்துவிட்ட காலத்தில் இது சின்ன விடயம் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 1400 யூரோ போனை ஏழு வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு 200. 450 யூரோ போனை மூன்று வருடத்தில் மாற்றினால் 150. ஆக, விலைகூடியது கடைசியில் மலிவு என்கிற விற்பனைக்காரர் பேச்சு இங்கே எடுபடாது. ஒரு வருடம் பழகிய உயர்ரக மாதிரி 840க்குக் கிடைத்து, ஆறு வருடம் புதுப்பிப்பும் மிச்சம் இருந்தால் வருடத்துக்கு 140. என் ஓட்டு அதற்குத்தான், நடுவில் ஒருமுறை பற்றரி மாற்றுகிற செலவையும் சேர்த்து.

2025 யூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் போன்களுக்கு ஒரு தகவல் சீட்டு கட்டாயம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்குமே, அதே வகை. ஒரு சார்ஜில் எத்தனை மணிநேரம் ஓடும் என்பது அதில் எண்ணாகவும், விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுதுபார்க்க எவ்வளவு இலகு என்பவை எழுத்துத் தரமாகவும் இருக்கும். 800 தடவை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் பற்றரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கடைக்காரர் கமராவைக் காட்டும்போது நீங்கள் அந்தச் சீட்டைக் கேளுங்கள்.

வாங்கினால் ஸ்கொந்திரினோவை, அதாவது கடைப் பற்றுச்சீட்டை, எறிந்துவிடாதீர்கள். புதுப் பொருளுக்கு இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் கேட்டுப் போகும்போது எப்போது, எங்கே வாங்கினீர்கள் என்று காட்ட அதுதான் கைகொடுக்கும். வெப்பத்தில் எழுத்து மங்குகிற தாள் அது. வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள். அதற்கு எந்தக் கமராவும் போதும்.